ஒரே தடவைதான் ஒலிக்கும்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் தனக்கென்று தனிக் கடிதம் கேட்கிறது, அதை அவரே எழுதட்டும். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றன்றைக்கே முடித்துக்கொண்டு, சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "போம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். என் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் ஒரு நர்ஸ் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, எல்லோரும் அவளைச் சிஸ்டர் என்றே கூப்பிடுகிறோம். படித்தது நர்ஸ் படிப்பு, ஆனால் இங்கே நர்ஸாகப் பதிவதற்கான இங்கிலீஷ் பரீட்சை தேறாததால் ஒன்றரை வருடமாக ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. எழுதுவது, படிப்பது, பேசுவது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில்தான் இரண்டு முறை போயிற்று. அங்கே ஒலிப்பதிவை ஒரே தடவைதான் போடுவார்கள். மொத்தம் மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் கடைசி வரை விரிப்புதான்.

தவறு என்னுடையது. தையற்கடை மாடியில் அந்த அறையில் பதினோரு வருடமாக நான் முதலில் பாடத்தைத் தாளில் கொடுப்பேன், பிறகு நானே நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், எனக்கு மனம் நிறைந்துவிடும். இரண்டாம் முறை தோற்று வந்த அன்று சிஸ்டர் சொன்னாள், "டீச்சர், நீங்க பேசினா ஒரு சொல்லு விடாம புரியுது. வேற யார் பேசினாலும் சுவத்துல மோதின மாதிரி இருக்கு." அன்றைக்கே உன்னிடம் புலம்பினேன். நீ கொஞ்சமும் தயங்காமல், "நீ வாயை மூடிக்கிட்டாலே பாதிப் பேர் பாஸாயிடுவாங்கம்மா" என்றாய். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது? இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், உனக்குத் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள்தான், என் குரலுக்குப் பதிலாக வகுப்பில் போடச் சொல்லி நீ அனுப்பிய இங்கிலீஷ் பாட்காஸ்ட் ஒலிப்பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தேன்.

அக்காவும் தங்கையும் வீட்டுச் சாமான் பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசும் அந்த எட்டு நிமிட நிகழ்ச்சியைத்தான் முதலில் எடுத்தேன். ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி குறுக்கே விழுகிறாள், பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வேறு. நீ சொன்னபடியே தாள் கொடுக்காமல், நிறுத்தாமல், முழுக்கப் போட்டேன். யார் எதற்காக மல்லுக்கு நிற்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் தடவைதான் விவரம், தாள் எல்லாவற்றுக்கும் கடைசியில். முதல் வாரம் வகுப்பே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. எதையும் மறுபடி வாசிக்கச் சொல்லி 'இன்னொருதடவை' என்று பெயர் வாங்கிய டாக்ஸிக்காரர், டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா என்று விசாரித்தார். குறுக்கே பேசிவிடாமலிருக்க நான் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் அதே மனிதர், "இந்த ரெண்டு பேரும் என் வண்டியில ஏறினா பாதி வழியிலயே இறக்கி விட்டுருவேன் டீச்சர், ஒரு குழாய்க்கா இவ்வளவு சண்டை?" என்றார். நான் ஒரு சொல்லைக்கூட விளக்கியிருக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிஸ்டருக்குத்தான் லேசில் வரவில்லை. தெரியாத சொல் ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடுவாள், அதற்குள் அடுத்த நாலு வரி ஓடிப்போகும். போனதை விடு, வருவதைப் பிடி என்று நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே அவளிடம் சொன்னேன். பஸ்ஸில் தினம் ஒன்று கேட்டாள். புரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கிவிட்டு மேலே போவாளாம். முதலில் இரண்டு கையும் போதவில்லை, பிறகு ஒரு கையே போதும் என்றாயிற்று.

போன மாதம் பரீட்சை. அறுபது வேண்டும், அறுபத்து மூன்று வாங்கினாள்! "நடுவுல ரெண்டு வரி போயிருச்சு டீச்சர், போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்" என்று சிரித்தாள். வகுப்பே கைதட்டியது. எனக்கு மட்டும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. விட்டுவிடு விட்டுவிடு என்று பழக்கிய பெண்ணை மருந்து கொடுக்கிற இடத்துக்கு அனுப்புகிறேனே என்று.

நேற்று வந்திருந்தாள். வார்டில் அவளுக்கு முதல் வாரம். வேறு மாடியிலிருந்து ஒரு டாக்டர் போனில் மருந்தின் அளவை மடமடவென்று சொல்லியிருக்கிறார், ஒரு எண் சரியாகக் காதில் விழவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னாளாம். அவர் சிடுசிடுத்தாராம். இவள் விடவில்லை, கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனை வைத்தாளாம். என் பயத்தைச் சொன்னேன். "பரீட்சையில விட்டா ஒரு மார்க்கு, வார்டுல விட்டா ஒரு ஆளு. அந்த வித்தியாசம்கூடவா எனக்குத் தெரியாது டீச்சர்?" என்றாள்.

அவள் போன பிறகு உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, வேலைக்கு அந்த ஊருக்குப் போன புதிதில் மூன்று மாதம் ஆபீசில் யார் பேசுவதும் புரியாமல், ரயிலில் பாட்காஸ்ட் கேட்டுக் கேட்டுப் பழகியதாகப் போகிற போக்கில் சொன்னாய். அந்த மூன்று மாதமும் நான் போனில் எல்லாம் புரிகிறதா என்று கேட்டேன், புரிகிறது என்றாய். நீயும் என் குரலில் இங்கிலீஷ் படித்த பெண்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நீயாக வழி கண்டுபிடித்து, அந்த வழியை என் வகுப்புக்கே கொடுத்திருக்கிறாய். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை மகளே.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல், மனநிறைவோடு நெடுங்காலம் வாழ வேண்டும். பல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதே. இனிமேல் அங்கே எது கஷ்டமாக இருந்தாலும், நல்லா இருக்கேன் என்று முடித்துவிடாமல் உள்ளதைச் சொல். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்,
அம்மா