விண்கலத்தில் விழுந்த பிசாசு

கிரின்ஸ்டெட்,
08.10.2025

கர்த்தருக்குள் பிரியமான மிரியத்தின் அப்பாவுக்கு,

நான் சுகம். உபவாசத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் கவலை. இரவில் கஞ்சியாவது குடிப்பேன் என்று வாக்குத் தந்துவிட்டுப் போனீர்கள், மறக்க வேண்டாம். வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை போடவும் வேண்டாம். ஜெபவீட்டில் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். அதனால் வவுனியாவுக்கு வருகிற அருள்நாயகி அக்காவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. சபையில் உங்களுக்குப் பதிலாக ஜொனத்தன் தம்பி பிரசங்கிக்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் தொடங்கினால் முடிக்கத் தெரியாது. போன ஞாயிறு சோறு கறியெல்லாம் ஆறிப்போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது. நம் மிரியம் எடுத்திருக்கிற படத்தில் நான் நடித்திருக்கிறேன்.

எழும்ப வேண்டாம், இருந்தே வாசியுங்கள். ஜூன் மாதம் நீங்கள் ஒஸ்லோ கூட்டத்துக்குப் போயிருந்தபோது நடந்தது. இங்கே மூடிக்கிடக்கிற பழைய தொழிற்சாலையைத்தான் விண்கலமாக்கி வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு கிரகத்திலிருந்து ஏறிக்கொண்ட ஜந்து ஒன்று கலத்திலிருக்கிற ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தின்கிறது. அதுதான் கதை. கடைசியாக மிஞ்சுகிற வைத்தியராக நடிக்க இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல். கட்டடமோ அந்த ஒரு நாளைக்குத்தான் கிடைத்திருந்தது. எட்டு மாதம் கதைக்காத பிள்ளை போன் எடுத்து, அம்மா, ஒருக்கா அலறினால் போதும் என்று கேட்டாள். நான் எப்படி மாட்டேன் என்பேன்? வைத்தியரின் வெள்ளை உடுப்பும் தலைமுடிக்குப் போடுகிற வலையும் எனக்குப் புதிதா? இருபது வருடமாக வேலையில் அதைத்தானே போடுகிறேன்.

ஆனால் குழாய்களுக்கு நடுவிலிருந்து அந்தக் கறுப்பு உருவம் பசை வழிய எழும்பியபோது எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. அலற வேண்டிய வாய் அலறவில்லை. வலது கை தானாக உயர்ந்தது. இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன், அப்பாலே போ என்று அதட்டிவிட்டேன். முப்பது வருடம் உங்கள் பக்கத்தில் நின்று கேட்டது, உங்கள் குரலிலேயே வந்தது. ஜந்தாக நடித்தது யார் தெரியுமா? நம் சபையில் ட்ரம்ஸ் வாசிக்கிற சிந்துஜன். அவனும் அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைதானே. கேட்டதும் மல்லாந்து விழுந்துவிட்டான்! கமரா பிடித்த, தமிழ் தெரியாத டெனிஷ் பெண்ணுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவனைத் திட்ட வேண்டாம், பாவம், உங்களுக்குத்தான் பயந்து இன்றுவரை வாய் திறக்காமல் இருக்கிறான்.

மிரியம் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு டெனிஷில், இது அப்பா என்றாள். சின்ன வயதில் கெட்ட கனவு கண்டால் அப்பா வந்து அதட்டுவார், அதற்குப் பிறகு பயமே இருக்காது, இந்தப் படம் முழுக்க அந்த ஆளைத்தான் தேடினேன் என்று சொல்லி அழுதாள். படத்தின் முடிவையும் மாற்றிவிட்டாள். வைத்தியர் சாகவில்லை, கலத்தை வீட்டுக்குத் திருப்புகிறார்.

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இவ்வளவு நாளும் வாய் வரவில்லை. எழுத வருகிறது, எழுதுகிறேன். பிசாசைப் படம் பிடிக்கிறவள் பிசாசுக்கு வேலை செய்கிறாள் என்று போன வருடம் பிரசங்கத்தில் சொன்னீர்கள். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் சபை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அன்றைக்கு வீட்டை விட்டுப் பிரெடெரிசியாவுக்குப் போனவள்தான். நீங்கள் செய்தது பிழை, அப்பா. எனக்கு அன்றைக்கே மனம் நொந்தது.

படம் காட்டுவது 25ஆம் திகதி சனிக்கிழமை, பிரெடெரிசியாவில், பின்னேரம் இரண்டு மணிக்கு. உங்கள் உபவாசம் 19ஆம் திகதியே முடிகிறது. படம் காட்டி முடிந்த பிறகு வரலாம் என்றுதான் நவம்பருக்கு விமான ரிக்கற் போட்டீர்கள், எனக்குத் தெரியாதா? ரிக்கற் போட்டுத் தந்த றொனிஷனிடம் சொல்லி அதை 22ஆம் திகதிக்கு மாற்றிவிட்டேன். கோபம் வரும், வரட்டும். விமானத்தில் ஆறிவிடும். பில்லுண்டு விமான நிலையத்துக்கு நானே காரைக் கொண்டு வருவேன்.

மகளைத் திருப்பித் தரும்படிதானே அங்கே முழங்காலில் நிற்கிறீர்கள். நீங்கள் போனபிறகு கிழமைக்கு இரண்டு நாள் அவள் இங்கேதான். நேற்றுக் குசினியில் நின்று புட்டைத் தின்றபடி, டெனிஷில் இல்லை, தமிழிலேயே கேட்டாள், படத்துக்கு வந்தால் அப்பா என்ர பக்கத்திலயோ, உங்கட பக்கத்திலயோ இருப்பார் என்று.

உன்ர பக்கத்திலதான் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

கர்த்தர் உங்களைச் சுகமாய்க் கொண்டுவந்து எங்களிடம் சேர்ப்பாராக.

22ஆம் திகதி பில்லுண்டில் நிற்கப்போகும்,
கிருபாமலர்