உள்பக்கத் தாழ்ப்பாள்

அஞ்சலை,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நேற்று நான் கத்தினது தப்புதான். பாட்டில் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, "குடிச்சிட்டேன்" என்று நீ காலி பாட்டிலைக் காட்டினதும் கோபம் வந்துவிட்டது. "தையல் கம்பெனி கக்கூசுக்குத் தாழ்ப்பாளே இல்ல, எப்டி நான் தண்ணி குடிப்பேன்?" என்று நீ அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

"மாதவிலக்கு நின்னவங்களுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும். எரிச்சல் இல்லன்னாலும், வாரம் ரெண்டு நாள் உள்ள தடவுற க்ரீமை விட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா சொன்னாரே! இன்று வெள்ளிக்கிழமை, க்ரீம் போடுகிற நாள். பீரோவில் புடவைக்கு அடியில் நீ ஒளித்து வைத்த ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

செஞ்சி பஜாரில் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போகிறேன். முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நீ வருவதற்குள் மாட்டிவிடுவேன்.

ஆதிமூலம்

பி.கு. இரண்டு பாட்டில் நிரப்பி வைத்திருக்கிறேன். முருங்கைக்கு நான் ஏற்கெனவே ஊற்றிவிட்டேன்.