மூன்றாவது ரேக்கு

மாமு,

இன்று காலை குடை தேடி டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்தப் பழுப்புக் காகிதப் பொட்டலம் அகப்பட்டது. பிரித்தேன். உள்ளே இருந்த தங்க ரேக்கு, பூவிதழைவிட மெல்லிய அந்தத் தகடு, என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. நீ போய் இரண்டு வருஷமாகிறது. அதன் பளபளப்பு மட்டும் குறையவில்லை.

யுத்தம் முடிந்து, நாம் வேலை பார்த்த கப்பல் அரிசி ஏற்ற ரங்கூனில் நின்ற சமயம். ராயபுரத்தில் மகளைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்திருந்தாய். அந்தப் பழைய புத்தர் கோயிலுக்கு என்னையும் இழுத்துப்போனாய். படிக்கட்டின் அடியிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். திருடு போய்விடும் என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே கும்பிட்டாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

சாமிக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது அங்கே வழக்கம். மகள் பேரில் மூன்று வாங்கினாய். இரண்டை ஒட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து என்னிடம் கேட்டாய்:

"இன்னா மாமு, துன்னூறுகூட தரமாட்றாங்க? புள்ளைக்கு இன்னாத்த எடுத்துகினு போறது?"

விபூதிகூட இல்லாமல் கோயிலிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பத் தெரியாத ஜனம் நாம். நான்தான் சொன்னேன்: "இன்னொண்ணு கீதே, அத்த எடுத்துகினு வா. நெத்தில வெச்சா சரியாப்பூடும்."

ஊர் திரும்பி இறங்கியபோது துறைமுக வாசலில் உன் மச்சினன் நின்றிருந்தான். குழந்தையைப் புதைத்து நான்கு நாளாகியிருந்தது.

"சாமிக்குன்னு வாங்கினத அமுக்கிகினு வந்துட்டேன் மாமு. அதான் புள்ளைய எடுத்துகிச்சு," என்று பொட்டலத்தை என் கையில் திணித்தாய். எடுத்துவரச் சொன்னது நான் என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை. மறந்துவிட்டாயா, என்னைக் காப்பாற்றினாயா, தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சலுக்கும் ரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சமாதானம் செய்துகொள்ளலாம். உனக்கு அந்தச் சமாதானம் கிடைக்கவில்லையே. அப்புறம் நீ கப்பல் ஏறவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கினாய். திருவொற்றியூரில் தேர் ஓடும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டாய்.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டாய்: "மேல போனா, சாமிது ஏன் எடுத்தேன்னு புள்ள கேப்பாளே மாமு, இன்னா சொல்றது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறுகிறது, குடி என்றேன்.

இன்று கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். விரல் ரேகைகளுக்குள் இன்னும் தங்கம் இருக்கிறது. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை, அது தெரிந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

புள்ள கேட்டா என் பேரச் சொல்லு, மாமு.