கால்புள்ளி மழை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போனில் ஒரு படம் அனுப்பினாள். தூரிகையால் வரைந்ததல்ல, விசைப்பலகைக் குறிகளை மட்டுமே தட்டிச் செய்தது. கோடுகளால் ஒரு பேருந்து நிறுத்தம். அடைப்புக்குறிகளால் ஒரு குடை, அதன்கீழ் ஓர் ஆள். மழை முழுக்கக் கால்புள்ளிகள். அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆள் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று தெரிகிறது! எப்படி? தலைக்கு வைத்த புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதுமா, ஒரு மனிதர் எட்டிப் பார்க்க?

செய்தவர் பெயர் எங்குமில்லை.

மார்ச் 5

என் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தேன். கீழே எழுதினேன்: "இது நான் செய்ததல்ல. செய்தவரைத் தெரிந்தால் சொல்லுங்கள், பெயரைப் போட வேண்டும்."

அக்கா போனில் சிரித்தாள். "நாலு கமா, ரெண்டு பிராக்கெட். இதுக்குப் போயி யாராச்சும் பேரு தேடுவாங்களா?"

"எங்க, நீ தட்டிப் பாரு."

சாயங்காலம் தட்டி அனுப்பினாள். மழையாக இல்லை, எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

படம் எங்கெங்கோ போயிருக்கிறது. இன்று ஒருவர், "அது என் படைப்பு, பேர் போடுங்க" என்று எழுதினார். நிறையப் பேர் பின்தொடரும் பக்கம் வைத்திருப்பவர். அதைச் சட்டைகளில் அச்சடிக்கப் போவதாக விளம்பரமும் போட்டிருக்கிறார். முதலில் தட்டியதை அனுப்புங்கள், பெருமையாகப் போடுகிறேன் என்றேன். வந்தது அக்கா எனக்கு அனுப்பிய அதேதான்; யாரோ அவருக்கு அனுப்பியது என்ற குறிகூட மேலே அப்படியே இருந்தது.

பெயர் போடவில்லை.

மார்ச் 10

அவருடைய ஆட்கள் வந்து திட்டுகிறார்கள். எனக்குப் பொறாமையாம். "அவர் பேரைப் போட்டுட்டுப் போயேண்டி, உனக்கென்ன வந்துச்சு?" என்கிறாள் அக்கா. எனக்கென்ன வந்துச்சு? ஒண்ணுமில்லதான். விட்டுத் தொலைச்சுடலாமா? — செஞ்ச ஆளு எங்கயோ உக்காந்து இதைப் பாத்துக்கிட்டிருந்தா?

மார்ச் 11

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஓர் அம்மாவிடமிருந்து செய்தி. "மழை தப்பாப் பெய்யுது. சாய்ஞ்சு விழணும். கைமாறிக் கைமாறி இடைவெளியெல்லாம் காணாமப் போச்சு." கூடவே அவர் முதலில் தட்டியது.

அடேயப்பா! காற்று! மழை மொத்தமும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து அடிக்கிறது. அந்த ஆள் எட்டிப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நிற்பவருக்குக் குடையை நீட்டுகிறார்! அந்த இரண்டாமவர் நான் பார்த்த படத்தில் மழைக்குள்ளேயே கரைந்து போயிருந்தார். வெற்றிடத்தைக்கூட எண்ணி எண்ணி வைத்திருக்கிறார் இந்த அம்மா. கடையில் வாடிக்கையாளரைக் காக்கவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 17

போனில் பேசினோம். துறைமுகத்தில் கப்பல்கள் வந்து போவதைக் கவனிக்கும் அறையில் வேலையாம், சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறாராம். அங்கிருந்த பழைய திரையில் எழுத்தைத் தவிர வேறெதுவும் வராது. ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் தட்டியது.

"பேரு ஏன் போடலைங்க?"

"யாரும்மா கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்."

"நான் கேட்டேனே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார். "சரி, போடு. வீட்ல கூப்பிடற பேரே போதும் — பாப்பா."

"ரிட்டயர் ஆகற வயசுல பாப்பாவா?"

"எங்கம்மா இன்னும் அப்படித்தாம்மா கூப்பிடுது!"

இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 19

சிதைந்ததையும் சரியானதையும் அருகருகே வைத்துப் பெயரோடு போட்டேன். யாரையும் குறை சொல்லி ஒரு வரி எழுதவில்லை. மதியம் அக்காதான் கத்தினாள்: "அடியே, அந்தாளு சட்டை விளம்பரத்தைத் தூக்கிட்டான்!" அவளும் படத்தைப் பகிர்ந்திருக்கிறாள். "பாப்பா அவர்கள்" என்று மரியாதையாக.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாப்பாம்மா பல வருஷத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று செய்து அனுப்பியிருக்கிறார். கடல், பாரந்தூக்கி, அதன் உச்சியில் சுருண்டு தூங்கும் ஒரு பூனை. நான்கே குறிகளில் பூனை மூச்சு விடுகிறது. பார்த்ததும் போன் செய்தேன்.

"பூனை என்னுது இல்லம்மா. முன்ன எப்பவோ ஒரு படத்துல பாத்தது. அந்தச் சுருட்டல் எனக்கு வராது, அப்படியே எடுத்துக்கிட்டேன். அதையும் எழுதிடு."

எழுதினேன்: "கடலும் பாரந்தூக்கியும் பாப்பா. பூனையைச் செய்தவரை நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்."