பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்ன மகனுக்கு

காரைக்குடி,
மார்ச் 12

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சத்தியப்பிரியாவும் சுகம். சென்னையில் நீயும் உன் அறைத்தோழன் செம்மலையும் சுகமாக இருக்கப் பிள்ளையார்பட்டியானைக் கும்பிட்டுக்கொள்கிறேன். தினம் போனில் பேசினாலும் சில விஷயம் வாயில் வர மாட்டேன் என்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமா மகன் கண்ணனையும் மற்ற இரண்டு பேரையும் ஒரு வருஷம் கல்லூரியை விட்டு நிறுத்திவிட்டார்கள், விடுதியில் சாதி பார்த்து அறை கொடுப்பதும் இனிமேல் கிடையாது என்று நீ சொன்னாய். செம்மலைக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், அந்தக் கையாலேயே பரீட்சை எழுதினான் என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மாணவர் தேர்தலில் ஜெயித்தான் என்பதற்காக அந்தப் பிள்ளையின் அறைக் கதவில் சாதியைச் சொல்லி அசிங்கமாக எழுதுவார்களா, அதைப் படம் எடுத்தான் என்று கையை முறிப்பார்களா? அதில் என் கூடப்பிறந்த தம்பியின் மகனும் ஒருத்தன் என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நீ நேரில் பார்த்ததைக் கல்லூரியிலும் போலீசிலும் எழுதிக் கொடுத்தாய் என்று தெரிந்ததும் உன் மாமா வந்து, "நம்ம புள்ளயவே காட்டிக் குடுக்கலாமாக்கா, பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, நீ சொன்னாக் கேப்பான்" என்று அழுதான். நானும் உனக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். நீ கோபப்படவில்லை, "பாத்தேனேம்மா" என்று மட்டும் சொன்னாய். அதிலிருந்து மாமா இங்கே வருவதில்லை, கொத்தமங்கலத்தில் நடந்த காதுகுத்துக்கும் நமக்குச் சொல்லவில்லை. அப்பாதான், "சொல்லாட்டிப் போறான், மகன் செஞ்சதுல தப்பில்ல" என்றார்.

போன வாரம் செம்மலையின் அம்மா பேசினார்கள். "நல்ல புள்ளயப் பெத்திருக்கீக, ஒங்க மகன் சொல்லலன்னா எம்மகன் தானே விழுந்து கைய ஒடச்சுக்கிட்டான்னு முடிச்சிருப்பாக" என்றார்கள். எனக்குக் கூசியது. உன்னைப் பொய் சொல்லச் சொன்னதை மறைக்காமல் சொல்லிவிட்டேன். அதற்கு அவர்கள், "நானும் புகாரெல்லாம் வேணாம், பேசாம ஊருக்கு வந்துருய்யான்னுதான் எம்மகன்கிட்டச் சொன்னேன், பயம்தான்" என்றார்கள். ஆனால் அவர்கள் பயமும் என் பயமும் ஒன்றில்லையப்பா. அவர்கள் பிள்ளையின் உயிருக்குப் பயந்தார்கள், நான் சொந்தக்காரர்கள் மூஞ்சிக்குப் பயந்தேன்.

வெளியே தனியாகப் போகாதே, செம்மலையையும் தனியாக அனுப்பாதே. யாராவது மிரட்டினால் கை ஓங்காமல் உடனே வார்டனிடம் எழுதிக் கொடு. கண்ணன் திரும்பி வந்தால் அவனிடம் முகம் கொடுத்துப் பேசு, ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று யாருக்காகவும் சொல்லாதே, நானே கேட்டாலும்.

இருபத்து நான்காம் தேதி கோர்ட்டில் நீ சாட்சி சொல்ல வேண்டும், மறந்துவிடாதே, காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. முதல் நாளே நானும் அப்பாவும் பல்லவன் ரயிலில் வந்துவிடுவோம். உன் மாமாவும் அங்கே இருப்பான். நான் செம்மலையின் அம்மா பக்கத்தில்தான் உட்காருவேன்.

நீயும் அந்தப் பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
நாகஜோதி