தேனீப் பெட்டிகள் போன பிறகு

மார்ச் 3

கடைக்காரர் பாதிக் கூடை வெள்ளரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபம்கூட இல்லை. ஒரு காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முனை பருத்து, மறு முனை சூம்பி, கொக்கி மாதிரி வளைந்திருந்தது. "போன வருஷம் உங்க காயைத்தான் முன்னாடி அடுக்குவேன்" என்றார்.

போன வருஷம் நாத்தனார் இருந்தாள்.

மார்ச் 6

உரம் போதவில்லை என்று இவர் ஒரே பிடி. இன்னும் போட்டார். கொடி காடாக மண்டுகிறது. பூவுக்கும் குறைவில்லை. பிஞ்சுதான் விரல் நீளத்தில் மஞ்சளாகி உதிர்கிறது.

மார்ச் 7

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய தேனீப் பெட்டிகள் ஜனவரியில் அவளோடு வண்டியேறிவிட்டன. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோக ஆளில்லை. பாதி சேர்ந்த பூவில் வளைந்த காய், சேராத பூவில் வெறும் உதிர்வு.

நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம். "எனக்கெதுக்கு அண்ணி இதெல்லாம்" என்றே காலத்தை ஓட்டியவள், ஆரஞ்சுத் தோட்டக்காரரைப் பார்த்ததும் மாறிப்போனாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பெட்டி ஏற்றிய அன்று ஜன்னலுக்குள் நின்றே கையாட்டினேன். தேனீ என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

மார்ச் 10

போன வருஷம் வரைக்கும், காலை வெயிலில் அவள் பெட்டிகள் நடுவே, நான் வரிசையில் காய் பறித்துக்கொண்டு. நடுவில் அத்தனை தூரம் இருந்தும் பேச்சு ஓயாது. பூ விரிந்திருக்கும்போது இவர் மருந்துக் குழாயைத் தூக்கினால் ஓடி வந்து குறுக்கே நிற்பாள். "அண்ணே, பொழுது சாயட்டும். என் பிள்ளைங்க வேலையா இருக்காங்க." கொத்தமல்லியில் ஒரு பாத்தியை அறுக்கவே விடமாட்டாள், பூக்கட்டும் என்பாள். நான் முணுமுணுப்பேன். அந்த வருஷங்களில்தான் விதையும் நிறைய கட்டியது, காயும் நேராக வந்தது. அப்போதெல்லாம் அதை மண்ணின் ராசி என்று நினைத்தேன்.

மார்ச் 12

ஆண் பூவைப் பறித்துப் பெண் பூக்களில் நானே தடவினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். "பூவுக்கெல்லாம் பவுடர் போடுறியா?" என்றார். சிரிப்பு வந்தது. பிறகு அவரும் அடுத்த வரிசையில் குனிந்தார்.

மார்ச் 21

தடவிய பூக்களெல்லாம் நேரான காய். இவர் உரத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

தங்கச்சியிடம் ரெண்டு பெட்டி கேள் என்கிறார். மாட்டேன். கேட்டால் பெட்டியோடு அவளும் வந்து நிற்பாள். அவள் சுபாவம் அது. புது வீட்டில் இப்போதுதான் ஒட்டியிருக்கிறாள். அதைக் கெடுக்கலாமா?

அவள் வரணும்னுதான் என் மனசு கிடந்து அடிச்சுக்குது. அதனாலதான் கேட்கலை.

மார்ச் 22

இவர், அண்ணன்காரர் ஆச்சே, தங்கச்சியிடம் போனில் உளறிவிட்டார். அவளே கூப்பிட்டாள். "நான் வந்து இந்தப் பருவம் முடியுற வரைக்கும் இருக்கேன் அண்ணி." குரலில் அப்படியொரு துள்ளல்.

"நீ வராதே. பெட்டியை மட்டும் அனுப்பு. எப்படித் திறக்கறதுன்னு சொல்லு, பாத்துக்கறேன்."



"நீங்களா?"

"நானேதான்."

போனை வைத்ததும் இவருடைய முழுக்கைச் சட்டையைத் தேடி எடுத்தேன்.

மார்ச் 29

பெட்டிகள் வந்தன. இவர் எட்டி நின்று போனை நீட்டிப் பிடிக்க, அதிலிருந்து அவள் சொல்லச் சொல்ல, புகை காட்டி மூடியைத் தூக்கினேன். "மெதுவா அண்ணி, மெதுவா."

ஏப்ரல் 2

இமையில் கொட்டிவிட்டது. முகம் பூசணிக்காய். யாரும் பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 9

வரிசை முழுக்க ரீங்காரம். இத்தனை நாள் தோட்டம் ஊமையாகக் கிடந்தது இப்போதுதான் உறைத்தது. கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பிஞ்சு நிற்கிறது.

ஏப்ரல் 27

கடைக்காரர் கூடையைக் கிளறவே இல்லை. அப்படியே வாங்கிக்கொண்டார்.

மே 18

நாத்தனார் வந்திருக்கிறாள், தன் வீட்டுக்காரருடன், விருந்தாளியாக. முகத்தில் ஒரு மினுக்கம். அவருக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று என்னிடமே சொல்கிறாள்.

நான் பெட்டியைத் திறந்தபோது பின்னால் வந்து நின்றாள். கை நீட்டவில்லை. தேனடைச் சட்டத்தைத் தூக்கி ராணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறே" என்றேன், திரும்பாமலே.

நகர்ந்து நின்றாள்.