லாட நண்டுக்கு நட்ட கொடி

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்

தூக்கம் வரவில்லை.

பொந்தியான் கடற்கரையில் குப்பை பொறுக்கும் எங்கள் குழு, பெலாங்காஸ் பௌர்ணமி இரவில் முட்டையிட ஏறிவரும் இடங்களைப் போன வாரம் கண்டுபிடித்தது. குதிரை லாடம் போல ஓடுள்ள அந்த நண்டு இங்கே வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. நம் ஆட்களே தெரியாமல் மிதித்துவிடக் கூடாது, கொடி நடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று என் துணிக்கடையிலிருந்து சிவப்புத் துணியும் கிழித்துக் கொடுத்தேன். கடைக்குப் போர்டு வைக்கிற புத்தி.

இன்று காலை போனால் ஒவ்வொரு கொடியடியிலும் மணல் தோண்டிக் கிடந்தது. மீன் விற்கும் மணியம் கூடையோடு எதிரே வந்தான். கூடை நிறையப் பெலாங்காஸ், சினையோடு.

“அண்ணே, கொடி உங்க ஐடியாவாமே? தெரிமா காசே லா, ரொம்ப நன்றி! ராத்திரி டார்ச் அடிச்சா பளிச்சுன்னு தெரியுது, தேட வேண்டியதே இல்ல.”

“எல்லாத்தையும் கடல்ல விடுடா” என்றேன்.

“சாப்பாட்டுக் கடையில ஆர்டர் எடுத்தாச்சுண்ணே. நீங்களும் வியாபாரிதானே?”

ஆர்டர் எடுத்திருந்தால் நானும் சரக்கை அனுப்பித்தான் இருப்பேன்.

குழுத் தலைவி சரோஜா டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குனிந்து கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிறகு, “அடுத்த பௌர்ணமிக்கு ஒண்ணு ரெண்டாவது ஏறி வருமாங்க?” என்று கேட்டார்.

“வரும் டீச்சர்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.